பொண்ணு ஒரு வருஷம் அமெரிக்காவுல ஸ்கூல் படிக்கப் போறா, என்னென்ன ரெடி பண்ணணும்?

மடிப்பாக்கம்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணுக்கு 16 வயசு, ஸ்டூடண்ட் எக்ஸ்சேஞ்ச்ல செலக்ட் ஆகி ஒஹாயோ மாநிலத்துல ஒரு வீட்டுல தங்கி அங்க ஹைஸ்கூல்ல ஒரு வருஷம் படிக்கப் போறா, ஆகஸ்ட் முதல் வாரம் ஃப்ளைட். எக்ஸ்சேஞ்ச் விசாவுக்கு ப்ரோக்ராம்காரங்க குடுக்கற டிஎஸ் 2019 பேப்பர் வந்தாச்சு, விசா இன்டர்வியூ ஜெமினி கான்சுலேட்ல இன்னும் மூணு வாரத்துல இருக்கு. எங்க குடும்பத்துல யாரும் இந்த மாதிரி போனதில்ல, அவ அப்பா ஆபீஸ் விஷயமா சிங்கப்பூர் போய்ட்டு வந்ததோட சரி.

எனக்கு ரெண்டு மூணு விஷயத்துல தூக்கமே வரல. ஒண்ணு பேரு. பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கு, வெறும் அவ பேரு மட்டும்தான், இனிஷியல் கூட இல்ல, இதனால ஏதாவது பிரச்சனை வருமா இல்ல இப்பவே பாஸ்போர்ட் மாத்தணுமா. இன்னொண்ணு அந்த ஸ்கூல்லேர்ந்து ஒரு மெடிக்கல் ஃபார்ம் அனுப்பிருக்காங்க, அதுல என்னென்னவோ தடுப்பூசி கேக்கறாங்க, டிபி டெஸ்ட்டும் கேக்கறாங்க, சின்ன வயசுல போட்ட கார்டு வீடு மாறும்போது எங்கயோ போச்சு. அப்புறம் எங்க மாமியார். அவங்க இப்பவே ஊறுகாய், பருப்புப்பொடி, கருவேப்பிலை, கசகசா, முறுக்கு அப்படின்னு ஒரு தூக்கு வாளி நிறைய சேத்து வச்சுட்டாங்க, சொன்னா கேக்க மாட்டாங்க. நெட்ல லிஸ்ட் பாத்தா எல்லாம் ஸ்னோ ஜாக்கெட், தெர்மல்னே இருக்கு. அனுபவம் உள்ளவங்க யாராவது சொல்லுங்களேன், ப்ளீஸ்.

லோகோ_ஒர்க்ஸ்_அப்பா:

சிஸ்டர், என் பையன் போய்ட்டு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. பாஸ்போர்ட்ல இப்ப கை வைக்காதீங்க. டிஎஸ் 2019-ல பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே பேரு போட்டிருப்பாங்க, நீங்க இங்க மாத்தினா அந்த பேப்பரும் மாத்தணும், விசா ஃபார்மும் மாத்தணும், இருக்கற டயத்துல தேவையில்லாத தலைவலி. சர்நேம் இல்லாத பாஸ்போர்ட்டுக்கு விசா ஃபார்ம்ல அவ பேரை சர்நேம் கட்டத்துல போட்டு, கிவன் நேம் கட்டத்துல எஃப்என்யூ-ன்னு போடச் சொல்லுவாங்க. ஃபர்ஸ்ட் நேம் அன்னோன்னு அர்த்தம். நம்ம ஊர் ஆளுங்க ஆயிரக்கணக்குல இப்படித்தான் போறாங்க, பயப்படாதீங்க. ஃப்ளைட் டிக்கெட்ல மட்டும் பேரை எப்படிப் போட்டிருக்காங்கன்னு ஏஜெண்ட்ட ஒருதடவை கேட்டுக்கோங்க. திரும்பி வந்ததும் வேணா சர்நேம் சேத்து புதுசா எடுங்க, 15 தாண்டினா பத்து வருஷ பாஸ்போர்ட்டே எடுக்கலாம்.

இன்டர்வியூவுக்கு டிஎஸ் 2019 ஒரிஜினல், சேவிஸ் (வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு பண்ற அமெரிக்க அரசு சிஸ்டம்) கட்டணம் கட்டின ரசீது (ஜே விசா, அதாவது எக்ஸ்சேஞ்ச் விசாவுக்கு 220 டாலர், உங்க ப்ரோக்ராமே கட்டிருக்கும், கேட்டுக்கோங்க), மார்க் ஷீட், அந்த வீட்டுக்காரங்க விவரம் எல்லாம் ஒரே ஃபைல்ல வைங்க. முக்கியமானது, 2025 ஜூன்லேர்ந்து ஸ்டூடண்ட், எக்ஸ்சேஞ்ச் விசா கேக்கறவங்க எல்லாரும் இன்ஸ்டா, ஃபேஸ்புக் மாதிரி எல்லாத்தையும் பப்ளிக்ல வைக்கணும்னு சொல்லிட்டாங்க, பாப்பா பிரைவேட்ல வச்சிருந்தா இன்டர்வியூவுக்கு முன்னாடியே மாத்தச் சொல்லுங்க, விசா ஃபார்ம்ல எந்த அக்கவுண்ட்டையும் விடாம எழுதுங்க.

கசகசாவை முதல்ல வெளிய எடுங்க. துபாய் வழியா டிக்கெட்டா? அங்க கசகசா தடை, ட்ரான்சிட்ல மாட்டினாலும் மாட்டினதுதான். பச்சை கருவேப்பிலை அமெரிக்காவுல விடமாட்டாங்க, செடி நோய்ன்னு பிடுங்கிப் போடுவாங்க. மாம்பழம், கறி சம்பந்தப்பட்டது எதுவும் வேணாம். பொடி, ஊறுகாய் எல்லாம் கடை லேபிளோட சீல் பண்ணி செக்-இன் பெட்டியில போட்டு, அங்க கேட்டா சாப்பாடு இருக்குன்னு வாய் விட்டு சொல்லணும். மறைச்சாதான் அபராதம்.

கணக்கு_வாத்தியார்:

நான் வேற மாதிரி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஒரு வருஷம் போகுது. அங்க ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு ஜூன்ல முடியும், நம்ம ஊர்ல ஜூன்ல ஆரம்பிச்சிடுவோம். பாப்பா திரும்பி வரும்போது கூடப் படிச்சதுங்க எல்லாம் பிளஸ் டூ, இவ மறுபடி பிளஸ் ஒன்னா? அங்க படிச்ச வருஷத்தை இங்க எந்த ஸ்கூல் எடுத்துக்கும்? என்னோட பழைய மாணவி ஒருத்தி திரும்பி வந்தப்ப பழைய ஸ்கூல்ல சீட் இல்லன்னுட்டாங்க, பிரின்சிபால் மாறிட்டாரு, வாய்ல சொன்னது வாயோட போச்சு. அதனால போறதுக்கு முன்னாடி, திரும்பி வந்தா எந்த வகுப்புல சேத்துப்பீங்கன்னு எழுத்துல வாங்கிக்கோங்க, லெட்டர்ஹெட்ல, சீல் வச்சு. நீட், ஜேஇஇ மாதிரி ஏதாவது மனசுல இருந்தா இந்த வருஷம் போனதுதான்னு கணக்கு போட்டுட்டு போங்க. நான் போக வேணாம்னு சொல்லல.

ஊசி_அக்கா:

தடுப்பூசி விஷயத்துக்கு நான் சொல்றேன், நான் ஸ்டாஃப் நர்ஸ், தினமும் இதே வேலைதான். கார்டு தொலைஞ்சதெல்லாம் பிரச்சனை இல்ல. பிறந்த ஆஸ்பத்திரியில ரெக்கார்ட் கேட்டுப் பாருங்க, கிடைக்கலன்னா ரத்தப் பரிசோதனையில எதிர்ப்பு சக்தி இருக்கான்னு பாத்துக்கலாம், அந்த ரிசல்ட்டை நிறைய ஸ்கூல் ஏத்துக்கும், உங்க ஸ்கூல் ஏத்துக்குமான்னு ஒரு மெயில் போட்டுடுங்க.

நம்ம பிள்ளைங்களுக்கு வழக்கமா உதைக்கிற இடம் எம்எம்ஆர். கவர்மெண்ட் ஊசியில போடறது எம்ஆர், தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும், 2017-ல தமிழ்நாடு முழுக்க ஸ்கூல்ல கேம்ப் வச்சு போட்டாங்களே அதுவும் அதான். அதுல பொன்னுக்குவீங்கிக்கு எதுவும் கிடையாது. அவங்க ஃபார்ம்ல மூணும் சேத்து ரெண்டு டோஸ் கேப்பாங்க, ரெண்டுக்கும் நடுவுல 28 நாள் இடைவெளி வேணும். சின்னம்மை ஏற்கனவே வந்திருக்குன்னா அதுக்கும் ரத்த டெஸ்ட், வரலைன்னா அந்த ஊசியும் இந்த வயசுல ரெண்டு டோஸ், அதுக்கும் நடுவுல நாலு வாரம். இப்ப ஜூன் பாதி ஆச்சு, அதனால நாளைக்கே போங்க, அடுத்த வாரம்னு தள்ளாதீங்க.

டிபி டெஸ்ட்ல ஒரு வேலை இருக்கு, கவனமா படிங்க. பாப்பா தோள்ல பிசிஜி, அதான் டிபி தடுப்பூசி, அந்தத் தழும்பு இருக்கும்ல. அந்த பிசிஜி போட்டவங்களுக்கு கையில ஊசி குத்திப் பாக்கற மாண்டூக்ஸ் டெஸ்ட் சில சமயம் டிபி இல்லாமலே பாசிட்டிவ் காட்டும். அதைப் பாத்துட்டு அந்த ஊர் ஸ்கூல் பயந்து எக்ஸ்ரே, அது இதுன்னு இழுக்கும். அதுக்கு பதிலா ரத்தத்துல எடுக்கற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, லேப்ல டிபி கோல்டுன்னு கேட்டா தெரியும், அதுல பிசிஜி குழப்பாது. காசு கூடதான். ஆனா எம்எம்ஆர் போடறதுக்கு முன்னாடி இல்ல அதே நாள்ல ரத்தம் குடுத்துடணும், ஊசி போட்டுட்டு அடுத்த வாரம் போனீங்கன்னா ரிசல்ட் சரியா வராம போகலாம், அப்புறம் நாலு வாரம் காத்திருக்கணும். முதல்ல ரத்தம், அப்புறம் ஊசி. இதை ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணுகிட்ட நீங்களே சொல்லுங்க, அவங்க வரிசையை மாத்திப் போட்டுடுவாங்க.

மாத்திரை கொண்டு போறதா இருந்தா டாக்டர் சீட்டு, மருந்தோட உள் பேரோட. நாம டோலோன்னு சொல்ற பாராசிட்டமாலுக்கு அங்க பேரு அசிட்டமினோஃபென், கடையில டைலெனால்னு இருக்கும். தெரியாம ரெண்டையும் சேத்துப் போட்டா டபுள் டோஸ் ஆயிடும்.

எஃப்என்யூ_தான்_என்_பேரு:

ஆன்ட்டி, நான் போய்ட்டு வந்தவ, இப்ப சென்னையில காலேஜ் செகண்ட் இயர். என் பாஸ்போர்ட்லயும் சர்நேம் கிடையாது. முதல் நாள் அட்டெண்டன்ஸ்ல டீச்சர் "ஃப்னூ? ஃப்னூ?"ன்னு கூப்பிடறாங்க, யாரோ பாவம் வரலன்னு நானும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். அதனால பாப்பாகிட்ட சொல்லிடுங்க, அந்த ஃப்னூ அவதான்.

பெட்டியில என்ன வைக்கறதுங்கறது சின்ன விஷயம் ஆன்ட்டி, ஜாக்கெட் டி.நகர்ல வாங்காதீங்க, ஆகஸ்ட்ல அங்க வெயில்தான், குளிர் வரும்போது அங்க பழைய துணிக் கடையில நல்லதா கம்மி விலைக்கு கிடைக்கும். ஹேர் ட்ரையர், கெட்டில் வேணாம், அங்க கரண்ட் 120 வோல்ட், நம்ம 230-க்கு செஞ்சது வேலை செய்யாது, சார்ஜர்ல மட்டும் 100-240ன்னு போட்டிருக்கான்னு பாத்துக்கிட்டு பிளக் மாத்தி வாங்கிக்கோங்க. பவர் பேங்க் கைப்பையில.

நான் கஷ்டப்பட்டது வேற. முதல் நாள் ராத்திரி சாப்பாடு, அந்த வீட்டு அம்மா பாஸ்தா வச்சாங்க, இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேட்டாங்க. நான் நம்ம ஊர் வழக்கத்துல போதும் ஆன்ட்டின்னேன். நம்ம வீட்ல போதும்னா யாராவது விடுவாங்களா, இன்னொரு கரண்டி வச்சுட்டுதான் அடுத்த பேச்சு. அவங்க ஓகேன்னு பாத்திரத்தை எடுத்து ஃபிரிட்ஜ்ல வச்சுட்டாங்க. அவ்ளோதான். நாலு நாள் இப்படியே போச்சு, ராத்திரி பதினோரு மணிக்கு போர்வைக்குள்ள பாட்டி குடுத்த முறுக்கைச் சாப்பிட்டேன், முறுக்கைச் சத்தம் வராம சாப்பிட முடியுமான்னு ட்ரை பண்ணிப் பாருங்க, பக்கத்து ரூம்ல இருந்த அவங்க பொண்ணு எழுந்து வந்துட்டா. எலின்னு நெனச்சாளாம். மறுநாள் அந்த அம்மா அழுதே அழுதுட்டாங்க, என் வீட்ல ஒரு குழந்தை பசியோட இருந்திருக்காளேன்னு. எனக்கு அதை விட கேவலமா இருந்துச்சு.

இன்னொண்ணு பாத்ரூம். அங்க குளிக்கிற தொட்டிக்கு வெளிய தரையில தண்ணி போற ஓட்டை கிடையாது ஆன்ட்டி, திரைச்சீலையை தொட்டிக்கு உள்பக்கமா விடணும், எனக்கு யாரும் சொல்லல, நான் வெளிய விட்டுட்டேன், தண்ணி தரை வழியா இறங்கி கீழ கிச்சன் சீலிங்ல தட்டு சைசுக்கு ஒரு கறை. பயத்துல ரெண்டு நாள் சொல்லல. அந்த ரெண்டு நாளும் மேல அந்தக் கறையைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டேன். கடைசியில சொன்னப்ப அந்த அங்கிள் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, ஏன் அன்னிக்கே சொல்லல. கறைக்குக் கோவமே இல்ல, சொல்லாததுக்குதான்.

அதனால இந்த ரெண்டு மாசம் பாப்பாவுக்கு வாய் விட்டுக் கேக்கப் பழக்குங்க. ஆஸ்பத்திரியில நீங்க பேசாதீங்க, அவளே பேசட்டும். பேங்க்ல அவளே சலான் கேக்கட்டும். "எனக்குப் பசிக்குது", "நான் உடைச்சுட்டேன், சாரி", "எனக்கு அங்க வரப் பிடிக்கல" இந்த மூணையும் இங்கிலீஷ்ல கூச்சமில்லாம சொல்லணும். கடைசியா சொன்னது முக்கியம். ப்ரோக்ராம் சார்பா லோக்கல் கோஆர்டினேட்டர்னு ஒருத்தர் இருப்பாங்க, அந்த வீட்டுலேர்ந்து 120 மைலுக்குள்ளதான் இருக்கணும், மாசா மாசம் பாப்பாகிட்ட பேசணும்னு ரூல். வீட்ல ஏதாவது சரியில்லன்னா உங்களுக்கு போன் பண்ணி அழறதுக்கு முன்னாடி அவங்களுக்கு சொல்லணும், நம்பரை பேப்பர்ல எழுதி பர்ஸ்ல வைக்கச் சொல்லுங்க.

தலையாட்டறதும் பாத்துக்கச் சொல்லுங்க, நான் சரின்னு தலையாட்டினதை அந்த அங்கிள் வேணாம்னு எடுத்துக்கிட்டு ரெண்டு தடவை என்னை விட்டுட்டு ஐஸ்க்ரீம் சாப்பிடப் போய்ட்டாரு.

நீங்களும் தினம் வீடியோ கால் பண்ணாதீங்க ஆன்ட்டி, வாரம் ஒருதடவை போதும். ஒஹாயோவுக்கும் நமக்கும் ஒம்பதரை மணி நேரம், நவம்பர்ல அவங்க கடிகாரத்தைத் திருப்பினா பத்தரை. எங்கம்மா அது தெரியாம காலைல ஆறரைக்கு பண்ணிட்டு இருந்தாங்க, எனக்கு அது ராத்திரி எட்டு மணி, அந்த வீட்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து போர்ட் கேம் ஆடற நேரம், தினம் நான் மட்டும் எழுந்து போயிடுவேன்.

கணக்கு_வாத்தியார்:

இந்தப் பொண்ணு சொல்றது சரி. அந்த ஸ்கூல் லெட்டரை மட்டும் மறக்காதீங்க.

மடிப்பாக்கம்_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுத முடியல. நேத்து ஆஸ்பத்திரி போனோம். நான் வெளிய பெஞ்ச்ல உக்காந்துட்டு அவளை உள்ள அனுப்பினேன், கால் மணி நேரம் கழிச்சு வந்து "ஃபர்ஸ்ட் ஊசின்னாங்கம்மா, நான் இல்ல ஃபர்ஸ்ட் ரத்தம்னு சொன்னேன், அவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து ஆமான்னாங்க"ன்னா. ஊசி_அக்கா, உங்களுக்கு கோடி புண்ணியம். ஸ்கூல்ல லெட்டர் கேட்டிருக்கோம், பாக்கலாம்னு இழுக்கறாங்க, நாங்களும் விடறதா இல்ல. சர்நேமை அப்படியே விட்டுட்டோம், வீட்ல இப்ப எல்லாரும் அவளை ஃப்னூன்னுதான் கூப்பிடறோம், கோவம் வருது அவளுக்கு.

கசகசாவும் கருவேப்பிலையும் மாமியார் ஒருவழியா விட்டுக் குடுத்துட்டாங்க. ஆனா அந்த போர்வைக்குள்ள முறுக்கு கதையைப் படிச்சுக் காட்டினதுதான் தப்பாப் போச்சு, இப்ப முறுக்கை எடுத்துட்டு அதிரசத்துக்கு பச்சரிசி ஊறப் போட்டிருக்காங்க. கேட்டா, அதுல சத்தம் வராதுல்லன்றாங்க.