பால்பல் சொத்தை: டிசம்பர்ல ஊருக்குப் போறவரைக்கும் தள்ளிப் போடாதீங்க (இங்கிலாந்து)

"பையனுக்கு அஞ்சு வயசு, கடவாய்ப்பல்லுல கறுப்பா ஓட்டை. டிசம்பர்ல லீவுக்கு ஊருக்குப் போறோம், சென்னையிலேயே அடைச்சுக்கலாமா?" இங்க புதுசா வந்தவங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது. எங்க ஆறு வயசு மகளுக்குச் சொத்தை வந்தப்ப நாங்களும் இப்படித்தான் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கு தப்பு.

பால்பல்லோட எனாமல் நம்ம பல்லுல இருக்கிறதுல ஏறக்குறைய பாதி தடிமன்தான். உள்ள நரம்பு இருக்கிற அறையோ பல்லு சைஸுக்குப் பெருசு. வெளியில மிளகு அளவு தெரியிற சொத்தை உள்ள எவ்வளவு தூரம் போயிருக்குன்னு கண்ணால சொல்ல முடியாது. "விழப்போற பல்லுதானே"ன்னு வீட்டுப் பெரியவங்க சொல்வாங்க. முன்பல்லுக்கு அது சரி. கடவாய் பால்பல் பத்து, பன்னிரண்டு வயசு வரைக்கும் இருக்க வேண்டியது. முன்னாடியே பிடுங்கினா பின்னாடி இருக்கிற பல்லு நகர்ந்து வந்து அந்த இடத்துல உக்காந்துக்கும்.

காசுக்கு யோசிக்கிறவங்களுக்கு: 18 வயசுக்குக் கீழே என்எச்எஸ் (இங்க அரசு மருத்துவச் சேவை) பல் வைத்தியம் இலவசம். செக்கப், எக்ஸ்ரே, ஃபில்லிங், கிரௌன் (பல்லுமேல மாட்டுற தொப்பி) எல்லாமே. முழுநேரம் படிச்சா 19 ஆகிற வரைக்கும். ஸ்காட்லாந்துல இருக்கிறவங்க கொடுத்து வச்சவங்க, அங்க 26 ஆகிற வரைக்கும் இலவசம். விசாவுக்கு ஹெல்த் சர்சார்ஜ்னு பிள்ளைக்கும் சேர்த்து வருஷக் கணக்குல கட்டிட்டுத்தானே வந்தோம், கூச்சப்படாம கேளுங்க.

கஷ்டம் இடம் கிடைக்கிறதுலதான். ஜிபிகிட்ட (நம்ம ஏரியா பொது டாக்டர்) பதிஞ்சாச்சு, அவரே அனுப்பி வைப்பார்னு சும்மா இருந்துடாதீங்க, டென்டிஸ்ட்டை நாமதான் தேடணும். ஜிபி மாதிரி ஏரியா கட்டுப்பாடு கிடையாது, பக்கத்து ஊர்லயும் கேக்கலாம். என்எச்எஸ் தளத்துல "பிள்ளைகளைச் சேர்க்கிறோம்"னு போட்டிருக்கும், போன் பண்ணினா "இப்ப இல்ல"ம்பாங்க. நான் பதினோரு இடத்துக்குப் பேசினேன். "புதுப் பேஷன்ட் எடுக்கிறீங்களா"ன்னு கேட்டா உடனே இல்லைன்னு வந்துடும். "ஆறு வயசுக் குழந்தை, சொத்தை இருக்கு, பெரியவங்களுக்கு வேண்டாம்"னு ஆரம்பிச்சப்பதான் ஒரு இடத்துல நிதானமா பேசினாங்க.

மகளை நாற்காலியில சாய்ச்சதும் டாக்டர் "ஏ, பி, சி, டி, ஈ"ன்னு நர்ஸுக்குச் சொல்லிட்டே போனாங்க. பால்பல்லுக்கு இங்க எழுத்துதான் பேர். இவ என்னைப் பாத்து, "அம்மா, அவங்க இப்பதான் ஏபிசி படிக்கிறாங்களா?"ன்னா. வாய்க்குள்ள சின்ன எக்ஸ்ரே எடுத்தாங்க. கண்ணுக்குத் தெரிஞ்சது ஒரு ஓட்டை. படத்துல டி-க்கும் ஈ-க்கும் (ரெண்டும் கடவாய்ப்பல்) நடுவுல இன்னும் ரெண்டு நிழல், அதுவும் சொத்தைதான்.

வெள்ளை ஃபில்லிங் வைப்பாங்கன்னு நினைச்சேன். (பாதரசம் கலந்த அந்தப் பழைய சாம்பல் ஃபில்லிங்கை 2018 ஜூலையிலேர்ந்து 15 வயசுக்குக் கீழே பொதுவா போடுறதில்ல.) டாக்டரோ ஸ்டீல் கிரௌன் போடலாம்னாங்க. ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்கிற சொத்தைக்கு ஃபில்லிங் வச்சா பால்பல்லுல சீக்கிரம் பேத்துக்கிட்டு வந்துடும், கிரௌன் பல்லு விழுற வரைக்கும் நிக்கும்னு காரணம் சொன்னாங்க. அதோட ஊசியும் இல்ல, டிரில்லும் இல்ல. ஸ்காட்லாந்துல நோர்னா ஹால்ங்கிற பல் டாக்டர் செஞ்சுட்டு வந்த வழி, அதனால ஹால் முறைன்னு பேர். சொத்தையைச் சுரண்டாம அப்படியே மூடிடறாங்க. உள்ள மாட்டின கிருமிக்குச் சாப்பாடு போகாது, சொத்தை அங்கேயே நின்னுடும்.

முதல் நாள் பல்லு நடுவுல நீல ரப்பர் வளையம் செருகி அனுப்பினாங்க, கிரௌன் நுழைய இடம் வேணுமே. மூணாம் நாள் ஒண்ணு தோசையோட வந்துடுச்சு. பயந்து போன் பண்ணினா, "பரவாயில்லை, இடம் விட்டிருக்கும்"னாங்க. அடுத்த தடவை கிரௌனுக்குள்ள சிமென்ட் நிரப்பி, பல்லுமேல வச்சு, பஞ்சை நடுவுல கொடுத்து, "முதலை மாதிரி கடி"ன்னாங்க. பிதுங்கின சிமென்ட் புளிக்குதுன்னு முகத்தைச் சுளிச்சா, அவ்வளவுதான். கடி உயரமா இருக்குன்னு ரெண்டு நாள் சப்பாத்தி தொடல, இட்லியில ஓடிச்சு. மூணு வாரத்துல தானா சரியாச்சு. வீடியோ கால்ல எங்க அத்தை, "பொண்ணு வாயில என்னடி ஈயப் பாத்திரம் மாதிரி"ன்னாங்க. மகளுக்கு அது ரோபோ பல்லு, ஸ்கூல் பூரா காட்டிட்டு வந்துட்டா.

எல்லாப் பல்லுக்கும் இது சரிவராது. ராத்திரி வலியில எழுந்து அழுதாலோ, ஈறுல கொப்புளம் வந்தாலோ நரம்பு வரைக்கும் போயிருக்கும், நரம்பு வைத்தியமோ பிடுங்குறதோதான். சின்னப் பிள்ளைக்கு நிறையப் பல்லு பிடுங்கணும்னா மயக்க மருந்து கொடுக்கணும், அதை இங்க ஆஸ்பத்திரியில மட்டும்தான் செய்வாங்க, அந்த வரிசை மாசக்கணக்குல நீளும். இங்கிலாந்துல 5-லேர்ந்து 9 வயசுப் பிள்ளைங்க ஆஸ்பத்திரியில சேருறதுக்கு முதல் காரணமே சொத்தைப் பல்லுதான். அதனாலதான் டிசம்பர் வரைக்கும் வேண்டாம்ங்கிறேன்.

ராத்திரி வலி வந்தா வயசுக்கேத்த அளவு பாராசிட்டமால் கொடுங்க. 16 வயசுக்குக் கீழே ஆஸ்பிரின் கூடவே கூடாது. டென்டிஸ்ட் இல்லைன்னா 111-க்கு (என்எச்எஸ் உதவி போன் நம்பர்) கூப்பிட்டா அவசர அப்பாயின்ட்மென்ட்டுக்கு வழி சொல்வாங்க. முகம் வீங்கி முழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டா நேரா ஏ அண்ட் ஈ (ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு).

ஊர்லேர்ந்து பெட்டியில வந்த குழந்தைகள் பேஸ்ட்டைத் திருப்பிப் பாருங்க. ஃப்ளூரைடு (பல்லைக் காக்கிற மருந்து) பிபிஎம்னு போட்டிருக்கிற அளவு 1000-க்குக் கீழே இருந்தா எடுத்து வச்சிடுங்க. சொத்தை வர்ற பிள்ளைக்கு 1350-லேர்ந்து 1500, பட்டாணி அளவு. தேய்ச்சதும் துப்பினா போதும், தண்ணி விட்டுக் கொப்பளிச்சா மருந்தெல்லாம் போயிடும். இந்த ஒரு பழக்கத்தை மாத்தத்தான் எங்க வீட்டுல பெரிய போராட்டம். படுக்கும்போது சர்க்கரை போட்ட பால், ஹார்லிக்ஸ் கொடுக்கிறதா இருந்தா பல்லு தேய்க்கிறதுக்கு முன்னாடி.

மூணு வயசுலேர்ந்து வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது டென்டிஸ்ட்கிட்ட ஃப்ளூரைடு வார்னிஷ் (பல்லுமேல பூசுற ஃப்ளூரைடு பூச்சு) தடவுவாங்க, அதுவும் இலவசம், சொல்லாட்டி நீங்களே கேளுங்க. அன்னிக்குப் பல்லு கொஞ்சம் மஞ்சளாத் தெரியும். மறுநாள் தேய்ச்சா போயிடும்.