ஆண்டவர் கண்டித்துத் திருத்தும் சிட்சைக் காலத்தில் இரக்கம் கேட்டு ஜெபித்திருக்கிறீர்களா?

பூனாகலைப் பிள்ளை:
இலங்கையில் பதுளை மாவட்டத்து மீரியபெத்த தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்தது 2014 ஒக்டோபர் 29 காலை. இங்கே தெரியாதவர்கள் இல்லை. எங்கள் தோட்டம் அதற்குப் பக்கத்து மலை. மழை விடவில்லை, ராத்திரியில் லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், ஒருவரும் படுக்கவில்லை. சபைப் பெரியவர் ஒருவர் வந்து "இது தேவகோபம்" என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அம்மாவுக்குப் பேச்சே இல்லை. அப்புறம் ஒரு ராத்திரி குப்பி லாம்பை இழுத்து வைத்து வேதாகமத்தில் ஆறாம் சங்கீதத்தை எடுத்தார். கொழுந்துக் கறை ஏறிய கட்டைவிரலை வரிக்கு அடியில் நகர்த்தி எழுத்துக்கூட்டி வாசித்தார். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. தகரத்தில் மழை கொட்டுகிறது, அம்மா அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். அழவில்லை. தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்று நியாயம் கேட்கிற குரல் அது. ஆண்டவரிடம் அப்படிப் பேசலாமா?

பண்டாரவளை சகோதரன்:
பேசலாம் சகோதரி. ஆனால் பாவ அறிக்கை இல்லாத ஜெபம் பாதி ஜெபம். என் வீட்டுக்காரி நோயில் கிடந்தபோது நான் பிடித்துக்கொண்டது 38ஆம் சங்கீதம். தொடக்கம் ஆறாம் சங்கீதம் மாதிரியேதான், ஆனால் அதில் தாவீது தன் அக்கிரமத்தை அறிக்கையிடுகிறார். அவள் எழும்பினாள். நீங்கள் 6, 32, 38, 51, 102, 130, 143 என்ற ஏழு மனந்திரும்புதல் சங்கீதங்களையும் நாளுக்கு ஒன்றாக வாசியுங்கள். வெள்ளிக்கிழமை உபவாசம் இருங்கள். விடியற்காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு முன்னால் முழங்காலில் நில்லுங்கள். எபிரெயர் 12ஐ மனப்பாடம் செய்யுங்கள், அன்புகூருகிறவனைத்தான் கர்த்தர் சிட்சிக்கிறார். அம்மாவையும் செய்யச் சொல்லுங்கள்.

அட்டன் வாசி:
பிரதர், ஆறாம் சங்கீதத்தில் பாவ அறிக்கை எங்கே இருக்கிறது? பத்து வசனத்தையும் பாருங்கள். நீங்கள் சொன்ன ஏழில் அதுவும் ஒன்றுதானே! சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் இல்லை என்று லூக்கா 13இல் இயேசுவே சொல்கிறார். மீரியபெத்த ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். சனத்தை அங்கேயே விட்டுவைத்தது யார்? என் அப்பா பக்கவாதத்தில் பேச்சிழந்து கிடந்தபோது "இரங்கும்" என்ற ஒரு சொல்தான் வாயில் வந்தது. அதைப் பாதி ஜெபம் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

பண்டாரவளை சகோதரன்:
லூக்காவில் அடுத்த வரியையும் வாசியுங்கள், மனந்திரும்பாவிட்டால் நமக்கும் அதே கதிதான் என்கிறார். அதை நான் விடமாட்டேன். ஆனால் வீடு போகுமோ என்று பயந்து கிடந்த சனத்திடம் அந்தப் பெரியவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பூனாகலை சகோதரி, அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?