ஃபுல் ஃபிரேம் கேமராவில் படம் 10 மெகாபிக்சல்தான் வருகிறது, ஏன்?

புளியரைக்காரன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். போன மாதம் செகண்ட் ஹேண்டில் சோனி ஏ7 III பாடி மட்டும் வாங்கினேன். லென்ஸுக்குக் காசு மிச்சமில்லை. பழைய சோனி ஏ6000 கேமராவுக்கு வைத்திருந்த 16-50 மி.மீ., 55-210 மி.மீ. லென்ஸ் இரண்டையும் மாட்டி ஓட்டுகிறேன். ஆரியங்காவில் ஒரு கல்யாணம் எடுத்தேன். ஆல்பம் போடுகிறவர் ஃபைலைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வாட்ஸப்பில் வந்த படமா?" என்று கேட்டுவிட்டார். பார்த்தால் 3936 x 2624. இது 24 மெகாபிக்சல் கேமராதானே? மெனுவில் ஏபிஎஸ்-சி என்று இருந்ததை ஆஃப் செய்தேன். 16-50-இல் நாலு மூலையும் கருப்பு, கிணற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதுபோல. சென்சார் போய்விட்டதா? ஏ6000-ஐ விற்க அட்வான்ஸ் வேறு வாங்கிவிட்டேன்.

செங்கோட்டை அண்ணாச்சி:
சென்சாருக்கு ஒன்றும் இல்லை தம்பி. இரண்டு லென்ஸும் ஏபிஎஸ்-சி என்கிற சின்ன சென்சாருக்குச் செய்தவை. அவை உள்ளே விழவைக்கிற ஒளிவட்டம், ஏறக்குறைய 36 x 24 மி.மீ. உள்ள பெரிய சென்சாரை, அதாவது ஃபுல் ஃபிரேமை, மூடாது. அந்த ஏபிஎஸ்-சி மெனு ஆட்டோவில் இருந்தால் கேமராவே நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும், அதுதான் க்ராப். அகலத்திலும் உயரத்திலும் ஒன்றரையால் வகுத்தால், 24 பத்துச் சொச்சமாகிவிடும். 12 x 18 அங்குலப் பக்கம் முழுக்க ஒரே படம் வைத்தால் அங்குலத்துக்கு 218 பிக்சல்தான். 6000 பிக்சல் அகலப் படமாக இருந்தால் 333. கையில் பிடித்துப் பார்க்கிற ஆல்பத்துக்கு 218 ஒன்றும் மோசமில்லை, அவர் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டார்.

தென்மலை:
அண்ணாச்சி, இடையில் ஒரு சந்தேகம். க்ராப்பில் 55-210 என்பது 315 மி.மீ. லென்ஸ் மாதிரி பெரிதாகக் காட்டுகிறதே? கழுதுருட்டி பதிமூன்று கண்ணறைப் பாலத்தில் ரயில் எடுக்க அது லாபம்தானே?

செங்கோட்டை அண்ணாச்சி:
லாபம் மாதிரி தெரியும், அவ்வளவுதான். ஃபுல் ஃபிரேம் லென்ஸில் எடுத்து வீட்டில் கம்ப்யூட்டரில் வெட்டினாலும் அதே படம்தான். வ்யூஃபைண்டரில் பெரிதாகத் தெரியும், கார்டில் இடம் மிச்சம். தம்பியின் ஏ6000 அந்தச் சின்னச் சட்டத்துக்குள்ளேயே 24 மெகாபிக்சலை அடைத்து வைத்திருக்கிறது. அதே 55-210, அதே தூரம். ரயிலோ பறவையோ, அதன் மேல் விழும் பிக்சல் இரண்டு மடங்குக்கும் மேல். புளியரைத் தம்பி, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடு.

கழுதுருட்டி வீடியோக்காரன்:
4கே வீடியோவுக்கு அகலம் 3840 பிக்சல்தான் வேண்டும், க்ராப்பில் 3936 இருக்கிறது. வீடியோவுக்கு அந்த லென்ஸ்களே ஓடும். போட்டோவுக்கு வெளிச்சம் நிறைய உள்ளே விடுகிற 70-200 எஃப்2.8 லென்ஸ் வாங்கிவிடு தம்பி.

செங்கோட்டை அண்ணாச்சி:
பாடிக்கே மூச்சு வாங்கியவனிடம் 70-200-ஆ! முதலில் டாம்ரான் 28-75 எஃப்2.8 செகண்டில் தேடட்டும். மண்டபத்து ட்யூப்லைட் வெளிச்சத்துக்கு அது போதும். அதுவும் முடியாவிட்டால் சோனி 50 எஃப்1.8 ஒன்று, மேடைக்கு முன்னால் இரண்டடி நடந்துகொள்ளலாம். ஜூம் பிறகு வாங்கும்போது எஃப்இ 70-300 மாதிரி பார். அது இரண்டு பாடியிலும் உட்காரும்.

புளியரைக்காரன்:
சோதித்துப் பார்த்துவிட்டேன். தென்மலைப் பக்கம் ஓர் ஆலமரத்தில் இருவாட்சி. அங்கே வேழாம்பல் என்பார்கள். நான் லென்ஸைக் கழற்றி மாற்றும்வரை நகராமல் பழம் தின்றுகொண்டிருந்தது. இரண்டு படத்தையும் ஒரே அளவுக்குப் பெரிதாக்கினேன். ஏ7-இல் கண் இருக்கிற இடம் ஒரு கறுப்புப் புள்ளி. ஏ6000-இல் கண்மணியைச் சுற்றிச் சிவப்பு தெரிகிறது, ஆண் பறவை! ஆனால் சாரல் மூடிய பிறகு, வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) 3200-க்கு ஏற்றியதும் ஏ6000 படம் முழுக்க மணல் தூவின மாதிரி ஆகிவிட்டது.

அட்வான்ஸைக் கொடுத்துவிட்டேன். வாங்க வந்தவர் இன்னும் பேசவில்லை. செங்கோட்டை, தென்காசிப் பக்கம் 28-75 யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், உள்ளே பங்கஸ் (பூஞ்சை) இல்லாததாக.