உளவளத்துணைக்கு (கவுன்சிலிங்) போறதா விடுறதா? கொழும்பில போன ஆக்கள் சொல்லுங்கோ

வெள்ளவத்தை:
கொஞ்ச நாளா விடிய மூண்டு மணிக்கே முழிப்பு வந்திடுது, பிறகு நித்திரை இல்லை. வேலைக்குப் போறன், சாப்பிடுறன், சிரிக்கிறன். வெளியில பாத்தா ஒண்டும் தெரியாது. குழப்பமே அதுதான். இப்பிடி நடமாடித் திரியிற ஆளுக்கு இது தேவையோ? மனிசி போகச் சொல்லுறா. அம்மா கேள்விப்பட்டா “அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கோ?” எண்டுதான் முதல் கேப்பா. தங்கச்சிக்கு வேற கலியாணம் பேசுகினம். போன ஆக்கள், உள்ள என்ன நடந்தது எண்டு எழுதுங்கோ.

தெஹிவளை:
தம்பி, விடியப்புறம் முழிப்பு வாறதை டொக்டர்மார் சும்மா விடமாட்டினம். என்னட்டையும் முதல் கேட்டது அதைத்தான். நான் முதல்ல போனது பிரைவேட் ஆஸ்பத்திரியில சனல் பண்ணி (முன்கூட்டி நம்பர் எடுத்து), மனநல டொக்டரிட்ட. நம்பர் வந்து உள்ள போய் கதிரை சூடாக முந்தி மருந்துத் துண்டோட வெளியில நிக்கிறன். அவரைக் குறை சொல்லேல்லை, அந்த மருந்தாலதான் நித்திரை வந்தது. ஆனா கதைக்கப் போறன் எண்டு நினைச்சுப் போனா ஏமாற்றம்தான். மருந்து எழுதுறது அவையின்ர வேலை. இருத்தி வைச்சுக் கதைக்கிறது உளவளத்துணையாளர், ஒரு தரத்துக்கு முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் போகும். சிலருக்கு ரெண்டும் வேணும்.

அப்பிடித் தேடிப் போன முதல் ஆள், நான் இருந்த உடனேயே “நீங்கள் ஊரில எந்தப் பக்கம்? ஆற்ற மகள்?” எண்டு கேட்டா. எனக்குக் குளிர்ந்து போச்சு. நான் சொல்ல வந்ததே அந்தச் சொந்தக்காரரைப் பற்றித்தான். காசைக் குடுத்திட்டு வந்திட்டன், பிறகு அந்தப் பக்கம் போகேல்லை. அடுத்த ஆள் மட்டக்களப்புப் பிள்ளை. எங்கட ஆக்கள் ஒருத்தரையும் அவவுக்குத் தெரியாது, அதுவே பாதி மருந்து. முதல் நாள் பெரிசா ஒண்டும் நடக்கேல்லை: நித்திரை, பசி, வீட்டில ஆரார், குடிப் பழக்கம் இருக்கோ, சாக வேணும் போல இருக்கோ. இந்தக் கடைசிக் கேள்விக்குப் பயப்பிடாதேங்கோ, எல்லாரிட்டையும் கேக்கிறதுதான். தேவையோ இல்லையோ எண்டு தெரிஞ்சுகொள்ளத்தான் முதல் தரம் போறது. வீட்டில இருந்து யோசிச்சுக் கண்டுபிடிக்கேலாது.

கொட்டாஞ்சேனை:
எனக்கு பிரைவேட்டெல்லாம் கட்டுப்படியாகாது. 2019 ஏப்ரல் 21, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்ல குண்டு வெடிச்சப்போ நான் கோயில்ல இல்ல, வீட்டுல இருந்தேன். காயமில்ல, எங்க வீட்டு ஆளுங்களுக்கும் ஒண்ணும் ஆகல. அதனாலயே நமக்கென்ன வந்துச்சுன்னு ரொம்ப காலம் இருந்துட்டேன். பட்டாசு சத்தம் கேட்டா கை நடுங்கும், சனம் கூடுற எடத்துல வாசல் எங்கன்னுதான் கண்ணு தேடும். ஒரு சிஸ்டர் சொல்லித்தான் அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு போனேன். காசில்ல. காலையிலேயே போய் லைன்ல இருக்கணும், கிளினிக் கொப்பி தருவாங்க.

பிரச்சின பாஷைதான். டொக்டருக்கு தமிழ் வராது, எனக்கு சிங்களம் கடையில சாமான் வாங்குற அளவு. மொழிபெயர்க்க ஒரு அட்டென்டன்ட கூப்பிட்டாங்க. நான் அஞ்சு நிமிஷம் சொன்னத அவர் ஒரு வரியில முடிச்சுட்டார்! அடுத்த தடவ தமிழ் பேசுற டொக்டர் எந்த நாள்னு கேட்டுட்டுப் போனேன், அது வேற அனுபவம். எங்க போனாலும் இத முன்னாடியே கேளுங்க.

மருதானை:
நான் போன எடம் ஹோர்டன் பிளேஸ்ல ஈக்கிற சுமித்ரயோ. 1974ல தொடங்கின எடம், சல்லி எடுக்கிறல்ல. அங்க ஈக்கிறவங்க தொண்டர்கள், புத்திமதி சொல்லமாட்டாங்க, கேட்டுக்கிட்டு ஈப்பாங்க. வழி சொல்லித் தருவாங்கன்னு போனதால எனக்கு முதல்ல சப்புன்னு போச்சு. ஆனா வீட்டுல ஒருத்தரும் என்னைய முழுசா பேச விட்டதே இல்லன்னு அன்டைக்குத்தான் வெளங்கிச்சு. மாமி செய்வினைன்னு சொல்லி ஓதிப் பாக்கக் கூட்டிக்கிட்டுப் போனா. அதுக்கும் போனேன், சண்டை பிடிக்கப் போகல்ல.

இன்னொண்டு. சாக நெனச்சதச் சொன்னா பொலிஸ் கேஸ் ஆகும்னு எங்கட ஆக்கள் இன்னும் பயப்படுறாங்க. தற்கொலை முயற்சி குற்றம்ங்கிற சட்டத்த 1998லயே எடுத்துட்டாங்க. ராவைல தாங்க ஏலாமப் போனா 1926க்கு எடுங்க, அங்கொடை தேசிய மனநல நிறுவனத்துட லைன், 24 மணித்தியாலமும் ஈக்கும்.

வெள்ளவத்தை:
எழுதின எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்கு இப்ப சொல்லப் போறதில்லை, மனிசிக்கு மட்டும் சொல்லியிருக்கிறன். தெஹிவளை அக்கா, அந்த மட்டக்களப்புப் பிள்ளையின்ர நம்பரைத் தனியா அனுப்புங்கோ. அவ சனிக்கிழமையில ஆக்களைப் பாப்பாவோ? கிழமை நாளில எண்டா ஒஃபிசில லீவு கேக்க வேணும், காரணம் சொல்ல வேணும்.

தெஹிவளை:
பாப்பா. பின்னேரத்தில. கிழமை நாளில லீவு வேணுமெண்டா பல்லுக் கொதி எண்டு சொல்லுங்கோ, நான் அப்பிடித்தான் சமாளிச்சனான்.