எழுபது தாண்டிய ராக் கலைஞர்கள் மேடையை விட்டு இறங்கிவிட வேண்டாமா?

கடைசிவரிசை:

2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க்கில் நடந்த 'பிளாக் சபாத்' குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் கடைசிக் கச்சேரியை இணையத்தில் பார்த்ததிலிருந்து இந்தக் கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. மனிதருக்கு 76 வயது, பார்க்கின்சன் நோய், நிற்க முடியாது. கறுப்புச் சிம்மாசனம் ஒன்றில் உட்கார்ந்தபடியே பாடினார், மெதுவான பாட்டு வந்தபோது குரல் உடைந்தது, ஆனாலும் கைகளை உயர்த்திக் கூட்டத்தை ஆட்டிவைத்தார். பதினேழு நாளில் இறந்தும் போனார். உலகமே அழுதது, நானும்தான்.

ஆனால் அந்த இரக்கத்தை எல்லோருக்கும் நீட்டிக்கொண்டே போக முடியுமா? ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் 1943-ல் பிறந்தவர், பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி 1942, பாப் டிலன் 1941. ராக் என்பதே உடம்பும் வேகமும் திமிரும் சேர்ந்த சமாச்சாரம். ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழுவில் பாடிய கிரேஸ் ஸ்லிக் இதைத்தான் சொன்னார், வயதானவர்கள் ராக் மேடையில் நிற்பது நன்றாக இல்லை என்று. சொன்னபடியே விலகிப் போய் ஓவியம் வரைய ஆரம்பித்துவிட்டார். அந்த நேர்மை மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை? டிக்கெட் விலை மட்டும் வருஷா வருஷம் ஏறுகிறது, மேடையில் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. ஒரு கட்டத்தில் 'போதும்' என்று யாராவது சொல்ல வேண்டாமா? ரசிகர்கள் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.


டிரம்குச்சி:

கோபம் எல்லாம் இல்லை. ஆனால் 'ராக் கலைஞர்' என்று எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள். நான் கல்யாணக் கச்சேரிகளில் டிரம்ஸ் வாசிப்பவன், அதனால் டிரம்மர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கிட்டார்காரர் கை வலித்தால் நாலு ஸ்வரத்தைக் குறைத்துக்கொண்டு மிச்சத்தை வாசிக்கலாம். ரோலிங் ஸ்டோன்ஸ் கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸுக்கு விரல்களில் மூட்டுவாதம், அதற்கேற்ப வாசிப்பு மாறிவிட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார், அவருடைய பாணிக்கு அது பெரிய குறையாகவும் தெரியவில்லை. டிரம்மருக்கு அந்தச் சலுகை கிடையாது. வலது காலில் பெரிய டிரம்மை அடிக்கும் கிக் பெடல், வலது கை இரண்டு மணி நேரம் ஓயாமல் ஹை-ஹாட், ரைட் என்ற உலோகத் தட்டுகளில். நடுவில் மணிக்கட்டு பிடித்துக்கொண்டால் பாட்டே படுத்துவிடும்.

ரஷ் குழுவின் டிரம்மர் நீல் பியர்ட்டைப் பாருங்கள். தோள்வலி, தசைநாண் அழற்சி, இதோடு தன் தரத்துக்குக் கீழே வாசிக்க மனம் வரவில்லை. 2015 ஆகஸ்ட் 1, லாஸ் ஏஞ்சலஸ், அதுதான் கடைசி. அவருக்கு வயது 62தான். அத்தனை வருஷமும் டிரம்ஸை விட்டு மேடை முன்பக்கம் வந்தே பழக்கமில்லாதவர், அன்று முடிந்ததும் எழுந்து முன்னால் வந்து குழுவின் மற்ற இருவரான கெடி லீயையும் அலெக்ஸ் லைஃப்சனையும் கட்டிப்பிடித்தார். அதைப் பார்த்தவர்களுக்கு யாரும் எதையும் அறிவிக்கத் தேவையிருக்கவில்லை.

இதற்கு நேர் எதிர் அயர்ன் மெய்டன் குழுவின் டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன். 2023 ஜனவரியில் பக்கவாதம், வலது பக்கம் செயலிழந்தது. அதே மே மாதம் சுற்றுப்பயணம் தொடங்கியபோது ஆள் டிரம்ஸில் உட்கார்ந்திருந்தார். வரிகளுக்கு நடுவே வாசிக்கும் வேகமான சில ஃபில்களை விட்டுவிட்டார், கவனித்துக் கேட்டால் தெரியும், அவரும் அதை மறைக்கவில்லை. 2024 டிசம்பர் 7 அன்று சாவோ பாவ்லோவில் கடைசிக் கச்சேரி வாசித்துவிட்டு 72 வயதில் விலகினார். பியர்ட் செய்தது சரியா, நிக்கோ செய்தது சரியா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நிக்கோவின் அந்த ஒன்றரை வருஷத்தை நான் இழக்க விரும்ப மாட்டேன், அவ்வளவுதான்.

அப்புறம் ஜெனசிஸ் குழுவின் டிரம்மரும் பாடகருமான ஃபில் காலின்ஸ். முதுகெலும்பும் நரம்பும் கெட்டுப்போய்க் குச்சி பிடிக்க முடியாமல் போனது. 2021, 22-ல் ஜெனசிஸ் கடைசிச் சுற்றில் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார், பின்னால் டிரம்ஸில் அவர் மகன் நிக். அப்பன் வாசித்ததைப் பிள்ளை வாசிக்க, அப்பன் முன்னால் உட்கார்ந்து பாடுகிறார். இதை எப்படி 'குறைந்த சரக்கு' என்பது?


வம்பன்:

ஓய்வு பெறச் சொல்வதெல்லாம் சரி, அவர்கள் ஏற்கெனவே எத்தனை தடவை ஓய்வு பெற்றிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? தி ஹூ குழுவினர் 1982-லேயே விடைபெற்றார்கள், 2025-ல் மறுபடியும் அமெரிக்காவில் விடைபெற்றார்கள். கிஸ் குழு 2000-ல் பிரியாவிடைச் சுற்று போனது, பிறகு 2019-லிருந்து 2023 வரை இன்னொரு பிரியாவிடை, அது முடிந்த அன்றே இனி எங்கள் டிஜிட்டல் உருவங்கள் ஆடும் என்று அறிவிப்பு. ஆஸியே 1992-ல் 'இனி சுற்றுப்பயணம் இல்லை' என்ற அர்த்தத்தில் பெயர் வைத்துப் பயணம் போனார், 1995-ல் 'ஓய்வு படுமோசம்' என்று பெயர் வைத்துத் திரும்பி வந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே மோட்லி க்ரூ குழு. இனி சேர்ந்து சுற்றுப்பயணம் போக மாட்டோம் என்று 2014-ல் வக்கீல் வைத்துப் பத்திரத்தில் கையெழுத்தே போட்டார்கள். 2015 டிசம்பர் 31-ல் கடைசிக் கச்சேரி. 2019-ல் அந்தப் பத்திரத்தை வெடிவைத்துத் தகர்ப்பதுபோல வீடியோ போட்டுவிட்டு 2022-ல் ஸ்டேடியம் ஸ்டேடியமாக வாசிக்கக் கிளம்பிவிட்டார்கள். நம் ஊர் அரசியல்வாதிகள் தோற்றார்கள் போங்கள்.


அரைக்கட்டை:

டிரம்குச்சி கையைப் பற்றிச் சொன்னார், நான் தொண்டையைப் பற்றிச் சொல்கிறேன். மெல்லிசைக் குழுக்களில் பாடுகிறவர்களுக்கு இது தினசரி விஷயம்: காலையில் குரல் சரியில்லை என்றால் அரைக்கட்டை இறக்கிப் பாடுவோம், கேட்கிறவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. ராக்கில் கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் பல பாடல்களின் கிட்டார் வரி திறந்த தந்திகளை, அதாவது விரல் வைக்காமல் மீட்டும் தந்திகளை, நம்பி எழுதப்பட்டது. கட்டையை மாற்றினால் விரல் வைக்கும் இடமே மாறி அந்த ஓசை போய்விடும். அதனால் மொத்தக் கிட்டாரையும் இறக்கிச் சுருதி சேர்ப்பார்கள். தந்தி தளர்ந்துவிடும் என்பதால் தடித்த தந்தியாக மாட்டுவார்கள். வயதான பாடகர் உள்ள குழுக்களில் இது சர்வ சாதாரணம், இதில் அவமானம் ஒன்றும் இல்லை.

எல்டன் ஜானுக்கு 1987-ல் தொண்டையில் அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு குரல் கனத்துவிட்டது. பழைய பாடல்களின் உச்சிப் பகுதிகளைக் கீழே கொண்டுவந்து பாடிப் பாடியே 2023 ஜூலையில் ஸ்டாக்ஹோம் வரைக்கும் ஓட்டினார். டிலன் இன்னும் கெட்டிக்காரர். பழைய பாட்டைப் பழைய மாதிரி பாடுவதே இல்லை, குரலுக்கு எது வருகிறதோ அதற்கேற்றபடி பாட்டையே திருத்தி எழுதிவிடுகிறார், கிட்டாரை ஓரங்கட்டிவிட்டுப் பல வருஷமாகப் பியானோவில்தான் உட்கார்ந்திருக்கிறார். 'என்னய்யா, இது அந்தப் பாட்டா' என்று பாதிக் கூட்டம் விழிக்கும். விழிக்கட்டுமே.

நிறுத்தத்தான் வேண்டும் என்ற இடமும் உண்டு. ஏரோஸ்மித் குழுவின் பாடகர் ஸ்டீவன் டைலர் 2023 செப்டம்பரில் பிரியாவிடைச் சுற்றின் தொடக்கத்திலேயே குரலைக் காயப்படுத்திக்கொண்டார், பார்த்தால் குரல்வளையிலேயே முறிவு. ஒரு வருஷம் காத்திருந்து 2024 ஆகஸ்டில், முழுக் குணம் சாத்தியமில்லை, இனி சுற்றுப்பயணம் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். கூச்சலே சொத்தாக இருந்த தொண்டை அது, கட்டையை இறக்கியெல்லாம் சமாளிக்க முடியாது. ஆனால் ஏசி/டிசி குழுவின் பாடகர் பிரையன் ஜான்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் காது முழுக்கப் போய்விடும் என்று டாக்டர்கள் எச்சரித்து இறக்கிவிட்டார்கள், மீதிக் கச்சேரிகளை கன்ஸ் அண்ட் ரோஸஸ் பாடகர் ஆக்ஸல் ரோஸ் பாடினார், கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தோம். புதிய வகைக் காதுக்கருவியோடு 2023-ல் கலிஃபோர்னியா இண்டியோ மேடைக்குத் திரும்பினார். அன்று அவருக்கு 76 வயது.

எனக்கு உண்மையில் பிடிக்காதது ஒன்றுதான்: முன்பே பதிவு செய்த குரலை ஓடவிட்டு வாயை மட்டும் அசைப்பது. எழுபது வயதுக் குரலின் பிசிறைக் கேட்கக் காசு கொடுப்பேன். முப்பது வயதுக் குரலை டேப்பில் கேட்க எதற்கு மைதானத்துக்கு வர வேண்டும், வீட்டிலேயே இருக்கிறதே.


கடைசிவரிசை:

சரி, டேப் விஷயத்தில் எல்லோரும் ஒரே கட்சி. ஆனால் காசு பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இத்தனை கோடி சேர்த்த பிறகும் 80 வயதில் எதற்கு?


ஒலிப்பெட்டி:

மேடை ஒலியமைப்பு என் பிழைப்பு, அதனால் கேட்டதற்குச் சொல்கிறேன். ஒரு காலத்தில் கச்சேரி என்பது ரெக்கார்டு விற்பதற்கான விளம்பரம். இப்போது தலைகீழ். பாட்டு இணையத்தில் கிட்டத்தட்ட இலவசம், வருமானம் மேடையில்தான். பெரிய தலைகளுக்கு இது பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். டிலன் 2020-ல் தன் பாடல் உரிமைகளை யுனிவர்சலுக்கு விற்றார், ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 2021-ல் சோனிக்கு விற்றது 50 கோடி டாலர் அளவில் என்று செய்தி வந்தது. அவர்கள் காசுக்காக ஏறவில்லை, வேறு வேலை தெரியாது, பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இரண்டாம் மூன்றாம் வரிசைக் குழுக்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. உரிமை எப்போதோ கம்பெனிக்குப் போயிருக்கும், ஓய்வூதியம் கிடையாது, முதுகுவலியோடு வேனில் ஊர் ஊராகப் போய் வாசிப்பதுதான் சம்பளம். அவர்களிடம் போய் கண்ணியமாக ஓய்வு பெறுங்கள் என்றால் சிரிப்பார்கள்.

கனடாவின் கவிஞர்-பாடகர் லெனார்ட் கோஹன் முழு ராக் இல்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். மேலாளர் கையாடியதில் சேமிப்பு போய், 2008-ல் 73 வயதில் வேறு வழியில்லாமல் மேடை ஏறினார். மூன்று மணி நேரக் கச்சேரிகள், நடுநடுவே மண்டியிட்டுப் பாடுவார், 2013 வரை போனார். அவருடைய மிகச் சிறந்த கச்சேரிகள் அந்த ஐந்தாறு வருஷத்தில் நடந்தவைதான் என்பேன். பணமுடை வராமல் இருந்தால் நமக்கு அது கிடைத்தே இருக்காது.

இன்னொரு வேடிக்கை: ரோலிங் ஸ்டோன்ஸின் 2024 அமெரிக்கச் சுற்றுக்கு ஸ்பான்சர் யார் தெரியுமா? ஐம்பது வயது தாண்டியவர்களுக்கான ஏஏஆர்பி என்ற அமைப்பு. யாரும் எதையும் மறைக்கவில்லை.


ரீங்காரம்:

இங்கே எல்லோரையும்விட எனக்கு வயது அதிகம் என்று நினைக்கிறேன், அந்த உரிமையில் நீளமாக எழுதுகிறேன். ராக் இளைஞர்களுடையது என்ற பேச்சே அறுபதுகளின் விளம்பரம். ஸ்டோன்ஸ் ஆரம்பித்ததே ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் பாட்டுகளைக் கேட்டு. குழுவின் பெயரே அவர் பாட்டிலிருந்து எடுத்தது. ப்ளூஸில் கிழவர்களை யாரும் இறங்கச் சொன்னதில்லை, வயது ஏற ஏற மதிப்பு. நம் பக்கத்திலும் செம்மங்குடி தள்ளாத வயதில் பாடியபோது சபாவில் இடம் கிடைக்காது, யாரும் குரலுக்காகப் போகவில்லை. எம்.எஸ். அம்மா 1997-ல் கணவர் சதாசிவம் மறைந்ததும் மேடையை விட்டார், அதற்கும் வயது காரணமில்லை.

ஆனால் இதை வைத்துச் சாகும்வரை பாடட்டும் என்று நான் சொல்லவில்லை. ப்ளூஸ் கிட்டார்காரர் பி.பி. கிங் 2014-ல் 88 வயதிலும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். ஏப்ரலில் செயின்ட் லூயிஸில் வாசிப்பைவிடப் பேச்சு அதிகமாகிக் கூட்டம் குரல் எழுப்பியது. அக்டோபரில் சிகாகோ மேடையில் உடம்பு முடியாமல் பாதியில் நிறுத்த வேண்டியதானது, அத்தோடு சரி, அடுத்த மே மாதம் காலமானார். ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் நடுவில் யாராவது சொல்லியிருக்க வேண்டும். யார் சொல்வது? சுற்றியிருப்பவர்களுக்கு ஒவ்வொரு கச்சேரியிலும் பங்கு இருக்கிறது. ரசிகன் சொன்னால் துரோகி.

கன்ட்ரி பாடகர் கிளென் கேம்பெல் விஷயத்தில் மட்டும் எல்லாம் சரியாக நடந்தது. 2011-ல் அல்சைமர் என்று தெரிந்தது, வெளிப்படையாக அறிவித்தார்கள், அதற்குப் பிறகுதான் விடைபெறும் சுற்று. மேடையில் மூன்று பிள்ளைகள் கூட வாசித்தார்கள், எதிரில் வரிகள் ஓடும் திரை. வரியை விட்டால் மகள் எடுத்துக்கொடுப்பாள், கிட்டார் தனி வாசிப்பில் மட்டும் விரல் தானாக ஓடும். வந்தவர்கள் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துதான் வந்தார்கள். கடைசிவரிசை, உங்கள் கோபம் வயதின் மேல் இல்லை என்று தோன்றுகிறது. பழைய படத்தைப் போஸ்டரில் போட்டு டிக்கெட் விற்கிறார்களே, அதன்மேல்தான்.


கடைசிவரிசை:

பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆஸி கச்சேரியும் அப்படித்தான், நோய் 2020-லேயே ஊரறிந்தது, இதுதான் கடைசி என்று சொல்லித்தான் விற்றார்கள், வருமானம் பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் போனது, வளர்ந்த ஆஸ்டனிலேயே நடந்தது. ஆனால் அப்படிச் செய்கிறவர்கள் எத்தனை பேர்? மீதிப் பேர் விஷயத்தில் என் நிலை அதேதான், வந்து ஏமாறுவதற்கு வராமல் இருக்கலாம்.

ரஷ் பற்றி ஒரு சந்தேகம். பியர்ட் 2020-ல் போய்விட்டார். இப்போது 2026-க்கு மறுபடி சுற்றுப்பயணம் என்கிறார்களே, அது மட்டும் சரியா?


பனிக்காடு:

இதற்கு நான் சொல்கிறேன், டொராண்டோவில் இருக்கிறேன், ரஷ் எங்கள் ஊர்க் குழு. கெடி லீ, லைஃப்சன் இருவரும் 1953-ல் பிறந்தவர்கள், லைஃப்சனுக்கு மூட்டுவாதம் வேறு. பியர்ட் குடும்பத்தார் மனமார வாழ்த்திவிட்டார்கள், அதனால் துரோகம் என்ற பேச்சுக்கு இடமில்லை. டிரம்ஸுக்கு ஜெர்மனியின் அனிகா நில்லஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள். டிரம்குச்சி சொன்ன அந்த உடம்பு வேலை முழுக்க இப்போது அவர் தலையில், மற்ற இருவரும் தங்களால் முடிந்ததை வாசிப்பார்கள், பியர்ட்டின் இடத்தை யாரும் நிரப்பப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஸ்டோன்ஸும் இதைத்தானே செய்தார்கள், 2021-ல் டிரம்மர் சார்லி வாட்ஸ் போனதும் ஸ்டீவ் ஜோர்டன் உட்கார்ந்தார், எதுவும் குடை சாய்ந்துவிடவில்லை. டிக்கெட் விலை கொள்ளைதான், அதில் கடைசிவரிசைக்கு என் முழு ஆதரவு. இருந்தும் இரண்டு எடுத்திருக்கிறேன். மகன் பள்ளிக்கூட பேண்டில் டிரம்ஸ் வாசிக்கிறான், அவன் வருவது நில்லஸைப் பார்க்க. மற்ற இரண்டு தாத்தாக்கள் யார் என்று போகும் வழியில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.