உதவி: மெதுவாக ஓடினாலும் துடிப்பு 175, காலை மாறுபாட்டு எண்ணும் பாதியாக இறங்கிவிட்டது

காரைக்குடி ஓட்டம்

வணக்கம். அவசரமாக ஓர் உதவி வேண்டும். ஜனவரியில் சென்னையில் அரை மாரத்தான் ஓடப் பதிவு செய்திருக்கிறேன். மெதுவாக ஓட வேண்டிய நாள்களில்கூட எனக்குத் துடிப்பு 175ஐ எட்டிவிடுகிறது. உடன் ஓடும் நண்பருக்கு அதே வேகத்தில் 140தான் காட்டுகிறது. அதோடு, முன்பெல்லாம் காலையில் 58 என்று காட்டிய துடிப்பு மாறுபாடு (அடுத்தடுத்த துடிப்புகளின் இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்ற அளவு) இப்போது 31க்கு இறங்கிவிட்டது. ஓய்வெடுக்கும்படி கடிகாரம் நாள்தோறும் சொல்கிறது. ஓய்வெடுத்தும் பார்த்தேன், எண் ஏறவில்லை. பயிற்சியைத் தொடரலாமா, நிறுத்திவிட வேண்டுமா?

கானாடுகாத்தான் மாலை

வெயிலைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து. நம் பகுதியின் புழுக்கத்தில் ஓடும்போது, உடலைக் குளிர்விப்பதற்காக இரத்தத்தின் ஒரு பங்கு தோலுக்குத் திருப்பிவிடப்படுகிறது. வியர்வையால் இரத்தத்தின் நீர்மமும் குறைகிறது. ஆகவே இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தம் குறைய, அதை ஈடுகட்டத் துடிப்பின் எண்ணிக்கை ஏறுகிறது. வேகத்தை மாற்றாமல் ஓடினாலும் முதல் கிலோமீட்டரில் இருந்த துடிப்பு ஏழாவது கிலோமீட்டரில் இருக்காது. விடியலுக்கு முன் ஓடும்போது எனக்கு இருக்கும் துடிப்புக்கும், மாலையில் கல்லும் தாரும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும்போது இருக்கும் துடிப்புக்கும் ஏறத்தாழ 15 வேறுபாடு உண்டு. காலை ஐந்து மணிக்கு ஓடிப் பாருங்கள்.

தேவகோட்டை ஆசிரியை

ஐயா, விடை சொல்வதற்கு முன் சில விவரங்கள் தேவை. உங்கள் வயது என்ன? துடிப்பை அளப்பது மணிக்கட்டுக் கடிகாரமா, மார்புப் பட்டையா? எந்த நேரத்தில் ஓடுகிறீர்கள்? மாறுபாட்டு எண் இரவுத் தூக்கத்தில் எடுக்கப்படுகிறதா, எழுந்த பின் நீங்களே அளக்கிறீர்களா? 58 காட்டியதும் 31 காட்டுவதும் ஒரே கருவிதானா? இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: துடிப்பு 175 என்று காட்டியபோது உங்களால் பேச முடிந்ததா?

பழைய தடம்

இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது. ஒவ்வொரு முறையும் நானே பொறுமையாக விளக்கியும் வருகிறேன். கருவியை வாங்குவதற்கு முன் அடிப்படையைக் கற்றுக்கொள்வது நல்லது, தம்பி. 220இலிருந்து வயதைக் கழித்தால் உங்கள் உச்சத் துடிப்பு கிடைக்கும். மெதுவான ஓட்டம் அதன் 60 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். மாறுபாடு இறங்கியிருப்பது மிகைப்பயிற்சிக்கு அடையாளம். இரண்டு வாரம் முழு ஓய்வு எடுங்கள். இதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை.

கல்லல் மிதிவண்டிக்காரன்

175 என்ற எண்ணே எனக்கு ஐயத்தைத் தருகிறது. பெரும்பாலான ஓட்டக்காரர்களின் கால்கள் நிமிடத்திற்கு 160 முதல் 180 அடிகள் வைக்கின்றன. மணிக்கட்டுக் கடிகாரம் இதயத்தின் மின்னலையை நேராகப் படிப்பதில்லை. தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி, இரத்தம் வந்து வந்து போகும்போது திரும்பும் ஒளி எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து துடிப்பைக் கணிக்கிறது. கடிகாரம் தளர்ந்து கையோடு சேர்ந்து குலுங்கினால், அந்தக் குலுக்கலின் தாளத்தையே துடிப்பென்று பற்றிக்கொள்ளும். திரையில் நீங்கள் பார்ப்பது இதயமா காலடியா என்று அறிய, அதே ஓட்டத்தின் காலடி எண்ணிக்கையை எடுத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளும் ஒட்டியே சென்றால் விடை கிடைத்துவிட்டது.

இன்னொரு வழியும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது நின்று, உடனே கழுத்தின் பக்கவாட்டில் இரு விரல்களை மென்மையாக வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். நின்றதும் துடிப்பு விரைவாக இறங்கத் தொடங்கும் என்பதால் தாமதிக்கக் கூடாது. மார்புப் பட்டை வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். அது இதயத்தின் மின்குறியையே பெறுகிறது. அணியும் முன் அதன் மின்முனைகளை நீரால் நனைக்க மறவாதீர்கள். உலர்ந்த பட்டை முதல் சில நிமிடங்களுக்குத் தாறுமாறாகக் காட்டும்.

தேவகோட்டை ஆசிரியை

பழைய தடம் ஐயாவின் கூற்றில் ஒன்றை மறுக்க வேண்டியிருக்கிறது. 220இலிருந்து வயதைக் கழிக்கும் முறை 1970களின் தொடக்கத்தில் பரவியது. அதற்கென்றே முறையாக நடத்தப்பட்ட ஆய்விலிருந்து பிறந்ததன்று, பல தரவுகளின் ஊடே உத்தேசமாக இழுக்கப்பட்ட கோடு. 2001இல் டனாகா குழுவினர் வெளியிட்ட 208 கழித்தல் வயதின் 0.7 மடங்கு என்ற சூத்திரம் பெருந்திரளான தரவுகளின் மேல் அமைந்தது. நாற்பது வயதில் இரண்டும் 180 என்றே சொல்லும். அறுபது வயதில் முன்னது 160 என்றும் பின்னது 166 என்றும் சொல்லும். எந்தச் சூத்திரமும் மக்கள் கூட்டத்தின் சராசரியையே தரும். ஒரே வயதுடைய இருவரின் உச்சத் துடிப்பு 20 வேறுபட்டிருப்பது அரிதன்று. என் மாணவர்களுக்குச் சூத்திரத்தை வைத்து எல்லை வகுத்துக் கொடுத்தால், ஒருவன் திணறுவான், மற்றொருவன் வியர்க்கக்கூட மாட்டான்.

பழைய தடம்

சூத்திரத்தில் சிறு பிழை இருப்பதால் அதைத் தூக்கி எறிய வேண்டுமா, அம்மா? புதிதாகத் தொடங்குபவருக்கு ஏதோ ஓர் எல்லை வேண்டும். ஆய்வகத்தில் உச்சத் துடிப்பை அளந்துகொள்ள எத்தனை பேருக்கு வாய்க்கும்? பல ஆண்டுகளாக இந்தக் கணக்கை வைத்தே நான் ஓடுகிறேன், பிறரையும் ஓட வைக்கிறேன்.

பள்ளத்தூரான்

பெரியவர்கள் இருவருக்கும் வணக்கம். தைப்பூசத்திற்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கும் நகரத்தார் கூட்டத்தில் என் தாத்தா காலத்திலிருந்தே எங்கள் வீட்டார் செல்கிறார்கள். யாரும் நெஞ்சில் பட்டை கட்டிக்கொண்டு நடந்ததில்லை. உடம்பு சொல்வதைக் கேட்டு நடந்தார்கள், போய்ச் சேர்ந்தார்கள். எண்களைப் பார்த்துப் பார்த்து உடம்பின் சொல்லைக் கேட்கும் பழக்கமே போய்விடுகிறது என்பது என் வருத்தம்.

தேவகோட்டை ஆசிரியை

தம்பி, நீங்கள் சொன்னதிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. அந்தக் கூட்டம் பாடிக்கொண்டும் அரோகரா சொல்லிக்கொண்டும் நடக்கிறது. பாட்டு நிற்காத வேகம் என்றால், மூச்சு வாங்கத் தொடங்கும் எல்லைக்குக் கீழேயே எல்லாரும் நடக்கிறார்கள் என்று பொருள். உடலியலாரும் பேச்சுச் சோதனை என்று இதையே பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை உண்டு.

ஆனால் உடம்பின் எல்லாச் செய்தியும் நம் உணர்வுக்கு எட்டுவதில்லை. நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டே நோயின் தொடக்கத்தில் கடுமையாக ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். 2007இல் ஃபின்லாந்தில் கிவினியெமி குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் ஒரு பிரிவினர் முன்கூட்டியே வகுத்த அட்டவணைப்படி பயின்றார்கள். மற்றொரு பிரிவினர் காலையில் மாறுபாடு இறங்கியிருந்தால் கடும் பயிற்சியைத் தவிர்த்தார்கள். பின்னவர்களின் ஓட்டத்திறனே அதிகம் மேம்பட்டது. சிறிய ஆய்வுதான், ஆயினும் எண்ணுக்கும் உடம்புக்கும் பகையில்லை என்பதற்கு அது சான்று.

காரைக்குடி ஓட்டம்

வயது 44. மணிக்கட்டுக் கடிகாரம். கடை திறப்பதற்கு முன், காலை எட்டு மணி வாக்கில் பல்கலைக்கழகச் சாலையில் ஓடுகிறேன். மாத்திரை எதுவும் இல்லை. முன்பு ஆப்பிள் கடிகாரம் கட்டியிருந்தேன். சென்ற மாதம் வேறு நிறுவனத்தின் கடிகாரத்திற்கு மாறினேன், அது இரவில் தானாக அளக்கிறது. 175 காட்டும்போது நண்பரோடு பேசிக்கொண்டேதான் ஓடினேன்.

தேவகோட்டை ஆசிரியை

நன்றி, ஐயா. இப்போது பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிட்டது. உங்கள் வயதில் இரு சூத்திரங்களும் 176, 177 என்றே உச்சத்தைக் கணிக்கின்றன. உண்மை உச்சம் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்தாலும், 175 துடிப்பில் ஒருவர் உரையாடிக்கொண்டு ஓட இயலாது. கல்லல் நண்பரின் ஐயம் வலுவானது. விரலால் எண்ணிப் பாருங்கள்.

மாறுபாட்டுக்கு வருவோம். ஆப்பிள் கடிகாரம் காட்டுவது எஸ்டிஎன்என் என்ற அளவு. அதாவது, அளந்த நேரம் முழுவதிலும் துடிப்புகளின் இடைவெளிகளுக்கு உள்ள திட்ட விலக்கம். இரவில் அளக்கும் பிற கடிகாரங்களில் பல, கார்மின், போலார் போன்றவை, ஆர்எம்எஸ்எஸ்டி என்ற அளவைப் பயன்படுத்துகின்றன. அது ஒரு துடிப்பின் இடைவெளிக்கும் அடுத்ததன் இடைவெளிக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து கணக்கிடப்படுவது, ஓய்வுநிலையைப் பேணும் வேகஸ் நரம்பின் செயலை நெருக்கமாகக் காட்டுவது. இரண்டும் மில்லி விநாடியில்தான் சொல்லப்படுகின்றன. ஆனால் 58ஐயும் 31ஐயும் ஒப்பிடுவது, படியால் அளந்த நெல்லையும் மரக்காலால் அளந்த நெல்லையும் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிடுவது போன்றது. பழைய எண்ணை மறந்துவிடுங்கள். புதிய கடிகாரத்திற்கு ஏறத்தாழ மூன்று வாரத் தரவு சேர்ந்த பிறகே உங்களுக்கு இயல்பான எல்லை எது என்று தெரியும்.

கோட்டையூர் செவிலி

குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். கருவி மாறியதை ஏற்கிறேன். ஆனால் அதோடு இதை மூடிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஓய்வுத் துடிப்பு எவ்வளவு என்று ஐயா இன்னும் சொல்லவில்லை. கை குலுங்காத ஓய்வில் துடிப்பு எண்ணிக்கை எந்தக் கருவியில் அளந்தாலும் ஏறத்தாழ ஒன்றுதான், எனவே அதை ஒப்பிடலாம். பழைய கடிகாரத்தில் எவ்வளவு, இப்போது எவ்வளவு? அண்மையில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கக்கேடு ஏதேனும் உண்டா?

காரைக்குடி ஓட்டம்

முன்பு 56, இப்போது 67. கடிகாரம் மாற்றிய வாரத்தில் காய்ச்சலாகப் படுத்திருந்தேன். அது குணமாகிவிட்டதால் எழுதவில்லை.

பழைய தடம்

ஆகவே முழு ஓய்வு என்று நான் முதலில் சொன்னதே சரியாகிறது.

கோட்டையூர் செவிலி

ஓய்வு சரிதான், ஐயா; காரணம் வேறு. மிகைப்பயிற்சி என்று எண்ணி ஓய்வெடுப்பவர் இரண்டு வாரம் கழித்து எழுந்து ஓடத் தொடங்கிவிடுவார். காய்ச்சலுக்குப் பின் ஓய்வுத் துடிப்பு இவ்வளவு ஏறி நின்றால் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே ஓட வேண்டும். வைரஸ் காய்ச்சலின்போது சிலருக்கு இதயத் தசையில் அழற்சி ஏற்படுவதுண்டு. அந்நிலையில் கடுமையாக ஓடுவது உயிருக்கே ஆபத்து. பெரும்பாலோருக்கு அப்படி இருக்காது. இரத்தச்சோகை, தைராய்டு, நீரிழப்பு ஆகியவையும் துடிப்பை ஏற்றும். எண்ணை வைத்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படபடப்பு, மயக்கம் இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் இன்றே செல்லுங்கள். இல்லாவிட்டாலும் இந்த வாரத்திற்குள் இசிஜியும் இரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். அதுவரை ஓட வேண்டாம்; விரலால் எண்ணிப் பார்ப்பதற்கு விரைவு நடையே போதும்.

இன்னொன்றையும் மற்றவர்கள் கவனிக்க வேண்டும். மாறுபாடு உயர்ந்திருப்பதெல்லாம் நல்லதன்று. துடிப்பின் ஒழுங்கு கெட்டவர்களுக்கும், இடையிடையே தப்புத் துடிப்பு வருபவர்களுக்கும் இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும்.

கானாடுகாத்தான் மாலை

காய்ச்சலை மறுக்கவில்லை. ஆயினும் காலை எட்டு மணி என்பது நம் ஊரில் விடியற்காலை ஆகாது. குணமான பிறகாவது நேரத்தை மாற்றுங்கள்.

காரைக்குடி ஓட்டம்

விரைவாக நடக்கும்போது நின்று எண்ணினேன்: 15 விநாடிக்கு 29, அதாவது 116. கடிகாரம் 128 காட்டியது; அப்போது காலடி எண்ணிக்கையும் 128. இசிஜி இயல்பாக உள்ளது. ஹீமோகுளோபின் 11.2. மருத்துவர் மேலும் பரிசோதனைக்கு எழுதித் தந்திருக்கிறார்; இப்போதைக்கு நடக்க மட்டும் சொல்லியிருக்கிறார். அனைவருக்கும் நன்றி.

கல்லல் மிதிவண்டிக்காரன்

கடிகாரத்தை மணிக்கட்டு எலும்பிலிருந்து இரு விரல் மேலே ஏற்றி, நகராதபடி கட்டுங்கள். பட்டை வாங்கினால் ஒவ்வொரு முறையும் அலசிக் காயவைத்துவிடுங்கள். உப்பு படிந்தால் மின்முனை விரைவில் கெட்டுவிடும்.

கோட்டையூர் செவிலி

ஆண்களுக்கு 13க்குக் கீழ் இருந்தாலே இரத்தச்சோகை என்று கொள்வார்கள். ஓய்வுத் துடிப்பு ஏறியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஏன் குறைந்தது என்பதைக் கண்டறியும் வரை இரும்புச்சத்து மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

பள்ளத்தூரான்

கடிகாரம் இல்லாதவன் காலையில் எப்படி அளப்பது, அக்கா? கைப்பேசிச் செயலி போதுமா?

தேவகோட்டை ஆசிரியை

போதும், தம்பி. கைப்பேசிக் கேமராவில் விரலை அசையாமல் வைத்து அளக்கும் செயலிகள் இருக்கின்றன. மார்புப் பட்டையோடு இணைத்தால் இன்னும் நம்பகமாக இருக்கும். எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, காப்பி குடிப்பதற்கு முன், நாள்தோறும் ஒரே நிலையில் இருந்து அளக்க வேண்டும். இன்று படுத்தும் நாளை உட்கார்ந்தும் அளந்தால் பயனில்லை. மூச்சை வேண்டுமென்றே மெதுவாக இழுக்காதீர்கள், அது எண்ணை உயர்த்திவிடும். ஒரு நாளின் எண்ணைக் கண்டு முடிவெடுக்காமல் ஏழு நாள் சராசரியைப் பாருங்கள். அது உங்கள் வழக்கமான எல்லைக்குக் கீழே இறங்கி, ஓய்வுத் துடிப்பும் ஏறியிருந்தால், அன்றைய கடும் ஓட்டத்தை நடையாக மாற்றிக்கொள்ளுங்கள்.