தினமும் துப்பாக்கி கட்டுபவர்கள்: பெல்ட் கைவிட்ட அனுபவம் உண்டா?

நகரத்பேட்டைக்காரன்

பதினோரு வருடமாக .32 ரிவால்வர் வைத்திருக்கிறேன். நகைப்பட்டறைகளுக்குத் தங்கம் கொண்டுபோய் வாங்கி வருகிற தொழில், லைசென்ஸ் எதற்கு என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போன ஆடியில் நடந்ததைச் சொல்கிறேன். பெங்களூர் நகரத்பேட்டைச் சந்தில் ஸ்கூட்டரை சென்டர் ஸ்டாண்ட் போட்டு இழுத்தேன், வலது இடுப்பில் சட்டென்று ஒரு தளர்வு. ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை, வெளிப்பக்கமாகச் சாய்ந்து, சட்டை அதன்மேல் ஏறி, பிடி முழுவதும் வெளியே தெரிந்தது. எதிரில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் அவர் மகன், நாலைந்து வயதிருக்கும், கையில் பன். வாய் வரைக்கும் கொண்டுபோன பன்னைக் கடிக்காமல் என் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். முழங்கையால் அமுக்கிக்கொண்டு பட்டறைக்குள் போய்விட்டேன், ஆனால் அந்தப் பார்வை இன்னும் போகவில்லை.

வீட்டில் கழற்றிப் பார்த்தால் பெல்ட்டின் மூன்றாவது ஓட்டை வட்டமாகவே இல்லை, புளியங்கொட்டை அளவுக்கு நீண்டு கிழிந்திருந்தது. மேலே பளபளவென்று ஒரு தோல், உள்ளே அட்டைத்தூள் மாதிரி உதிர்கிறது. பின்னால் 'அசல் தோல்' என்று முத்திரை வேறு. 650 ரூபாய், வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை.

முன்பே கவனித்திருக்க வேண்டும். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்காக மார்ச்சில் ரிவால்வரைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ஜூனில் திரும்ப வாங்கியபோது, அப்போதிருந்த பெல்ட்டில் ஹோல்ஸ்டர் உட்காரும் இடம் மட்டும் கீழ்நோக்கி வளைந்தே நின்றது. இரண்டரை மாதம் சும்மா தொங்கியும் நேராகவில்லை. பழசாகிவிட்டது என்று நினைத்து அதே ரகத்தில் இன்னொன்று வாங்கினேன், அதுதான் இது.

1500 ரூபாய்க்குள், ஆபீஸ் பேன்ட்டோடு தினமும் கட்ட, நீங்கள் என்ன கட்டுகிறீர்கள்? உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

பழைய ஹவில்தார்

சார், எனக்கு நடந்தது பன்னிரண்டு பேர் முன்னால். பதினேழு வருடம் ராணுவம், இப்போது வைட்ஃபீல்டில் ஒரு தொழிலதிபருக்குப் பாதுகாப்பு. அங்கே 9 எம்எம் பிஸ்டல், இங்கே சிவிலியனுக்கு அது கிடையாது என்பதால் சொந்த லைசென்ஸில் .32 பிஸ்டல். ராணுவத்தில் கான்வாஸ் பெல்ட், பிடியை உடம்போடு பிணைக்கிற லேன்யார்டு கயிறு, அதனால் பெல்ட்டைப் பற்றி யோசித்ததே இல்லை.

பயிற்சித் தளத்தில், குண்டு இல்லாமல்தான், உருவச் சொன்னார்கள். உருவினேன். பிஸ்டலோடு ஹோல்ஸ்டரும் சேர்ந்து கைக்கு வந்துவிட்டது. நேராக நீட்டிப் பிடிக்கிறேன், பிஸ்டல் முனையில் உறை தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு நிற்கிறது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. பயிற்சியாளர் பேசாமல் வந்து என் பெல்ட்டை இரண்டு விரலால் பிடித்து மேல் ஓரத்தைக் கீழே மடித்தார், தோசை மாதிரி மடங்கியது. அப்படி மடங்குவதால்தான் ஹோல்ஸ்டர் கிளிப்புக்குப் பிடிமானமே இல்லாமல் போயிருக்கிறது.

அன்றிலிருந்து தோலே வேண்டாம். ஒன்றரை அங்குல நைலான், இரண்டு மடிப்பு, நடுவே கெட்டியான பிளாஸ்டிக் பட்டை வைத்துத் தைத்தது. 1400 ரூபாய், மூன்று வருடமாகிறது. மழையில் நனைந்தாலும் கவலையில்லை. தோல் பெல்ட் எல்லாம் கல்யாணத்துக்குத்தான் லாயக்கு.

கனகபுரா ரோடு

நான் பெண். பெட்ரோல் பங்க் நடத்துகிறேன். கணவர் காலமான பிறகு அவருடைய ரிவால்வருக்கு என் பெயரில் லைசென்ஸ் வாங்கினேன். சாயங்கால வசூல் என் கையில்தான் இருக்கும்.

சுடிதார் பேன்ட்டில் பெல்ட் நுழைக்கிற லூப் கிடையாது, நாடாதான். குர்தாவுக்குள் தனியாக ஒரு பெல்ட் கட்டி அதில் ஹோல்ஸ்டர். பங்க்கின் டாய்லெட்டில் ஒருநாள் பக்கிளைத் தளர்த்தினேன். அவ்வளவுதான், பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால் பெல்ட் அப்படியே தலைகீழாகச் சுழன்றது. ரிவால்வர் டைல்ஸில் விழுந்த சத்தம் இருக்கிறதே, ஸ்டீல் சொம்பு விழுந்த மாதிரி ஒரு 'டங்'. அப்புறம் ஈரத்தரையில் வழுக்கிக்கொண்டே போய்க் கதவுக்கும் தரைக்கும் இடையிலுள்ள இடைவெளியில் பாதி வெளியே போய் நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் காற்றடிக்கிற பையனின் செருப்புக் கால் தெரிகிறது. வெடிக்கவில்லை. பழைய ரிவால்வர்களில் சுத்தியல் அடிபட்டால் வெடிக்கலாம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன், அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை.

இப்போது டாய்லெட்டுக்குப் போகுமுன் ஆபீஸ் ரூமைப் பூட்டிக்கொண்டு ஹோல்ஸ்டரோடு கழற்றி லாக்கரில் வைக்கிறேன். பேன்ட்டும் மாற்றிவிட்டேன், லூப் வைத்துத் தைத்த காட்டன் பேன்ட். தையல்காரரிடம் ஏழு லூப் கேட்டேன், எதற்கு இத்தனை என்றார், இடுப்பு வலி பெல்ட் என்று சொல்லிவிட்டேன்.

தாராவி தோல்காரன்

மும்பையிலிருந்து எழுதுகிறேன். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு இங்கே வந்தவர், நான் பெல்ட், பை தைக்கிறேன்.

ஹவில்தார் அண்ணாச்சி, தோல் கல்யாணத்துக்குத்தான் லாயக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் இடுப்பில் மடங்கியது தோலே இல்லை, அல்லது தோலின் அடி அடுக்கு. என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பில்டரின் பாதுகாவலருக்கு நான் தைத்த பெல்ட், தோல் முதல் தரம், ஆனால் பக்கிள் மடிப்பில் அவசரத்துக்கு நாலே தையல் போட்டேன். இரண்டு மாதம் கழித்து வந்து மேசைமேல் பக்கிளைத் தனியாக, பெல்ட்டைத் தனியாக வைத்தார். "முதலாளி காரிலிருந்து இறங்கும்போது இது என் கையில் வந்தது" என்றார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பக்கிளை இன்னும் மெஷினுக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

நகரத்பேட்டை அண்ணாச்சி, உங்களுக்குக் கிடைத்தது தோல் தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை. முத்திரையைப் பார்க்காதீர்கள், வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நல்ல தோலில் மேலிருந்து கீழ்வரை ஒரே நாராக இருக்கும். தூள் தோலில் கேக் மாதிரி அடுக்கு தெரியும், ஓரத்தில் தடியாகப் பெயின்ட் பூசி மறைத்திருப்பார்கள், நகத்தால் சுரண்டினால் உரியும். மாட்டின் முதுகெலும்பை ஒட்டிய தோல்தான் வேண்டும், வயிற்றுப் பக்கத் தோல் இழுபடும், ஆறு மாதத்தில் இரண்டு ஓட்டை தள்ளிப் போட வேண்டியிருக்கும். குரோம் போட்டுப் பதப்படுத்தியது செருப்பு மேல்தோலுக்கும் பைக்கும் நன்றாக இருக்கும், கைக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் துப்பாக்கி பெல்ட்டுக்கு மெத்தென்று இருக்கக்கூடாது. மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்தியது கேளுங்கள். நம் ஊரில் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையில் செய்தார்களே, அந்த வகை. திண்டுக்கல், ஈரோடு பக்கம் இன்றும் பட்டைத் தோல் வருகிறது. கான்பூரில் குதிரைச் சேணத்துக்குச் செய்கிற எருமைத் தோலும் நல்லது.

அகலம் 38 மில்லிமீட்டர், கனம் நாலரையிலிருந்து ஐந்து. ஒரே தோலாக ஐந்து கிடைக்காவிட்டால் இரண்டரை இரண்டரையாக இரண்டை ஒட்டி இரு ஓரமும் தைக்கச் சொல்லுங்கள். ஹோல்ஸ்டரின் லூப் அகலமும் 38தானா என்று முதலில் அளந்துவிடுங்கள். லூப் 45, பெல்ட் 38 என்றால் எவ்வளவு நல்ல பெல்ட்டிலும் ஆடத்தான் செய்யும். பக்கிள் பித்தளை. பின்பக்கம் ஊசியால் கீறினால் மஞ்சளாக இருக்க வேண்டும், வெள்ளையாக இருந்தால் துத்தநாகக் கலவைக்கு முலாம் பூசியது. பக்கிளைத் திருகாணியில் மாட்டியிருந்தால் திருகில் ஒரு சொட்டு நகப்பூச்சு விடுங்கள், இல்லாவிட்டால் கழன்றுகொண்டே இருக்கும். ஓட்டை ஓர் அங்குலத்துக்கு ஒன்று வேண்டாம், முக்கால் அங்குலத்துக்கு ஒன்றாக ஏழு. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் வித்தியாசம் உண்டல்லவா.

அளவு கொடுக்கும்போது பேன்ட் சைஸைச் சொல்லாதீர்கள். இப்போது கட்டுகிற பெல்ட்டைத் துப்பாக்கியோடு கட்டி, பக்கிள் மடிப்பிலிருந்து நீங்கள் மாட்டுகிற ஓட்டை வரை அளந்து சொல்லுங்கள். துப்பாக்கியைப் பேன்ட்டுக்கு உள்ளே வைப்பவர்களுக்கு இரண்டு அங்குலம் கூடவே வரும்.

பழைய ஹவில்தார்

தம்பி, ஐந்து மில்லிமீட்டர் தோலைக் கட்டிக்கொண்டு பெங்களூர் டிராஃபிக்கில் காரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அடிவயிற்றில் அறுக்கும். வேர்வையில் ஊறினால் நாற்றம் வேறு. நீங்கள் சொன்ன ஓரம் பார்க்கிற முறை நல்லது, அதை ஏற்கிறேன். நைலானை மட்டும் விட மாட்டேன்.

தாராவி தோல்காரன்

அண்ணாச்சி, முதல் இரண்டு வாரம் அறுக்கும், அப்புறம் இடுப்பின் வளைவைப் பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் வளைய வேண்டும், மேல் ஓரம் கீழே மடங்கக்கூடாது. உங்கள் பயிற்சியாளர் மடித்துப் பார்த்தது அதைத்தான்.

அல்சூர்

என் கதை சின்னது. சிவாஜிநகரில் ராத்திரி சோதனை. கான்ஸ்டபிள் லைசென்ஸ் கேட்டார். பர்ஸ் வலது பின்பாக்கெட்டில், பிஸ்டலும் வலது இடுப்பில். பழக்கத்தில் கை பின்னால் போனது, சட்டை தூக்கியது. அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார், லத்தி உயர்ந்துவிட்டது. கையை அப்படியே நிறுத்தி, "சார், லைசென்ஸ் பர்ஸில் இருக்கிறது, பிஸ்டல் வலது பக்கம், நீங்கள் சொல்லுங்கள், அதன்படி செய்கிறேன்" என்று கன்னடத்தில் சொன்னேன். குரல் நடுங்கியது.

அதனால் சொல்கிறேன், பெல்ட் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், பர்ஸை இடது பக்கம் மாற்றுங்கள். செலவே கிடையாது. லைசென்ஸ் நகல் சட்டைப் பாக்கெட்டில் ஒன்று இருக்கட்டும். 2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையில் இருக்க வேண்டும், முழுவதும் மூடியிருக்க வேண்டும், வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். நகரத்பேட்டை அண்ணாவுக்கு அன்று அந்தச் சந்தில் பையனுக்குப் பதில் போலீஸ்காரர் நின்றிருந்தால் பதில் சொல்லியாக வேண்டும். சட்டை ஒரு அளவு பெரிதாக, நீளமாக, கட்டம் போட்டதாக இருந்தால் மேடு தெரியாது. லைசென்ஸ் நிபந்தனையைத் திரும்பப் படியுங்கள், தேர்த்திருவிழா, ஊர்வலம், பள்ளி கல்லூரி வளாகம், இங்கெல்லாம் தனி அனுமதி இல்லாமல் கொண்டு போகக்கூடாது. மகளை ஸ்கூலில் விடப் போகிறபோது இடுப்பில் இருந்தால் அதுவும் குற்றம்தான். நான் ஸ்கூல் நாளில் கட்டுவதே இல்லை. கனகபுரா ரோடு அக்கா, குர்தாவுக்குள் இருந்தாலும் பைக்கில் உட்காரும்போது காற்றில் தூக்கும், அதையும் கவனியுங்கள்.

கனகபுரா ரோடு

தம்பி, நான் காரில்தான் போகிறேன். ஆனாலும் நன்றி. பர்ஸ் விஷயம் என் பங்க் சூப்பர்வைசரிடமும் சொல்லியிருக்கிறேன், அவரிடமும் லைசென்ஸ் உண்டு.

நகரத்பேட்டைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. நைலானா தோலா என்று இரண்டு நாள் யோசித்தேன். பட்டறை ஆட்களோடும் கடை முதலாளிகளோடும் பழகுகிற வேலை, நைலான் கட்டினால் நானே துப்பாக்கி இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்பதால் தோல். ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தேன், மூன்று கடையில் பெயின்ட் உரிந்தது. நாலாவதில், சிவாஜிநகரில், ஒரு பெரியவர் எருமைத் தோலில் இரண்டு அடுக்காகத் தைத்துத் தந்தார், பித்தளைப் பக்கிளோடு 1350. பேன்ட் 34, அளவு 37 வந்தது. அதைச் சொன்னதும் அவரே "உள்ளே என்ன வைக்கிறீர்கள்" என்று கேட்காமல் இன்னொரு ஓட்டை கூடப் போட்டார்.

பத்து நாளாகக் கட்டுகிறேன். இடது பக்கம் அறுக்கிறது உண்மைதான். பர்ஸும் இடது பக்கம் போய்விட்டது.

நேற்று அதே சந்து, அதே இடத்தில் ஸ்டாண்ட் போட்டேன். அசையவில்லை. அந்த அம்மாவிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன். பையன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். பூவை அவன் கையில் கொடுத்து அனுப்பினார். வந்து நீட்டினான், என் முகத்தைப் பார்க்கவில்லை, வலது இடுப்பில் சட்டை விழுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே நீட்டினான்.